அரை மணி

கம்பவுண்டர் அருளானந்து புரோமில் விட்டுவந்தது
வீடு, மருந்துத் தராசு, ஒரு வயலின்.
எடுத்துவந்தது
சட்டைப்பையில் ஒரு கண்ணாடிக் குப்பி.
உள்ளே கடுகிலும் சின்னதாய்
ஊதாக் கறுப்பு மணிகள்.
பெர்மாங்கனேட் என்றார்.
எங்கள் வாயில் நுழையவில்லை.
சாயம் என்று பேர் வைத்துக்கொண்டோம்.

ஆற்றைத் தாண்டிப் படாங் வந்தபோது பதினொரு பேர்.
டாங்கப் கணவாயில் ஏற ஏற
மலை இருந்தது, மூங்கில் இருந்தது,
ஓடை என்று சொன்ன இடங்களில்
கூழாங்கல் இருந்தது.
மாசிக் கடைசி.
மணலைக் கையால் பறித்தால்
மாட்டுக் குளம்படி அளவு ஊறும்.
முன்னே போனவர்கள் அதில் கால் கழுவியிருப்பார்கள்.
எல்லாமும் கழுவியிருப்பார்கள்.
சற்று மேலே ஈ மொய்க்கும் இடத்தைப்
பார்க்காமல் தோண்டப் பழகினோம்.

கொதிக்க வை, கொதிக்க வை என்பார் முதலில்.
மூன்றாம் நாள் தீப்பெட்டி தீர்ந்தது.
அப்புறம் சாயம்தான்.
மண்ணெண்ணெய் டின் வாயில்
காத்தாயி முந்தானையை எட்டாய் மடித்துப் பிடிப்பாள்.
சிம்மாத்திரி மொண்டு ஊற்றுவான்.
கலங்கல் துணியில் நிற்கும்.
டின்னுக்கு நாலு மணி.
நூல் நூலாய் இறங்கித்
தண்ணீர் ரோஜா நிறமாகும்.
"இப்பக் குடிக்கக் கூடாது. அரை மணி."

அந்த அரை மணியைத்தான்
யாராலும் சுமக்க முடியவில்லை.
குழந்தை டின் விளிம்பை நக்கப் பார்க்கும்.
காத்தாயி அதன் வாயைத் தோளில் அமுக்கிக்கொள்வாள்.

கம்பவுண்டர் கடிகாரம்
படகுக்காரனுக்குக் கூலியாய்ப் போயிருந்தது.
"நீ எண்ணு" என்றார் என்னிடம்.
பசுண்டாங் அரிசி மில்லில்
பன்னிரண்டு வருஷம் மூட்டை எண்ணியவன் நான்.
மூச்சுக்கு ஒரு மூட்டை.
லாபம், ரெண்டு, மூணு...
நூறானால் ஒரு கூழாங்கல்.
ஆறு கல் சேர்ந்தால் குடிக்கலாம்.

நான் எண்ணிய மூட்டைகளை
முதுகில் ஏற்றியவன் சிம்மாத்திரி.
"கணக்குப்பிள்ளை, இந்த மூட்டைக்கு எடையே இல்லையே"
என்று சிரித்தான்.
ஐந்தாம் இரவு எழுந்து போனான்.
நிலா வெளிச்சத்தில் குழித் தண்ணீர்
எத்தனை சுத்தமாய்த் தெரியும் என்று
எனக்கும் தெரியும்.

விடியும்போது அவனிடமிருந்து போனது
அரிசி கழுவிய தண்ணீர்.
அப்படித்தான் இருக்கும் என்று
கம்பவுண்டர் முன்பே சொல்லியிருந்தார்.
அரிசியில் பிழைத்தவர்களுக்கு
வேறு உவமை தேடவில்லை அந்த வியாதி.
தண்ணீர் கேட்டான்.
சாயம் போட்டாயிற்று,
மூன்றாவது கல்லில் இருந்தேன்.
"இவனுக்கு எண்ண வேண்டாம்" என்றார் கம்பவுண்டர்.
ரோஜா நிறம் தாடையில் வழிந்து
கழுத்துத் தாயத்தில் நின்றது.

இறக்கத்தில் ஓர் ஊர்.
புளியமரத்தடியில் குட்டிக் கூரை போட்ட பலகை,
அதன்மேல் மூன்று மண்பானை, மூடி, சிரட்டை.
நம் தண்ணீர்ப்பந்தல்தான்,
வைத்தவர்கள்தான் வேறு.
குப்பி காலி.
கம்பவுண்டர் இரண்டு மைல் பின்னே
மூங்கில் தூளியில் வந்துகொண்டிருந்தார்.
காத்தாயி குழந்தைக்குப் புகட்டினாள், தானும் குடித்தாள்.
நான் மொண்ட சிரட்டையோடு நின்றேன்.
லாபம், ரெண்டு, மூணு...

பானை நிரப்ப வந்தவள்,
கன்னத்தில் தனாக்கா பூசியவள்,
என்னையே பார்த்தாள்.
விஷத்துக்குப் பயப்படுகிறான் என்று நினைத்தாளோ,
சாதி பார்க்கிறான் என்று நினைத்தாளோ.
சிரட்டையை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத்
திருப்பிக் கொடுத்தாள்.
"ரே" என்றாள்.
ரங்கூனில் தண்ணீருக்கு "யே" என்பார்கள்.
மலையைத் தாண்டிவிட்டோம் என்று
அப்போதுதான் உறைத்தது.
தலையை ஆட்டினேன். உதடு நிற்கவில்லை.
தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது.
குனிந்து ஒரு கல் எடுக்க வேண்டும்.
சிரட்டை விளிம்புவரை இருந்தது.